தலைவர் இன்னும் ஆட்டமிழக்கவில்லை

“லெக் சைடுல போடுங்க தம்பி. மெதுவா. ஐயாவுக்கு வலது முட்டி மடங்காது.”

“போன வருசம் இடது முட்டின்னு சொன்னீங்க.”

“அது பழைய தாசில்தாரு. அவரு மாத்தலாகிப் போய்ட்டாரு. இவரு புதுசு. இவருக்கு வலது.”

“சரி சார். திங்கக்கெழம…”

“பந்து முட்டிக்கு மேல எந்திரிக்கக் கூடாது. வயித்துல பட்டுச்சுன்னா அப்புறம் இந்தத் தாலுகாவுல ஒருத்தனும் பட்டா வாங்க முடியாது.”

“எந்திரிக்காது சார். திங்கக்கெழம எம் பேரு…”

“மொதல்ல இத முடிங்க.”

சொன்னவர் வட்டாரக் கிரிக்கெட் வளர்ச்சிக் கழகத்தின் செயலாளர் முத்துக்கிருஷ்ணன். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கேட்டுக்கொண்டிருந்தவன் ராயப்பராஜ். திண்டுக்கல்லிலிருந்து போய் இந்திய அணிக்காக ஆடிய ஆல்ரவுண்டர். இடம், குஜிலியம்பாறைக்கு வெளியே சோளம் அறுத்து முடித்த ஒரு காடு. ஆட்டக்காரர்கள் காலையிலிருந்து வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆடுவதற்காக அல்ல, தாசில்தார் வந்து கைகுலுக்குவதற்காக.

தாசில்தார் உச்சி வெயிலில் வந்தார். கழுத்து மாலையோடு மட்டையைப் பிடித்தார். மாலையைக் கழற்றலாமே என்று யாரும் சொல்லவில்லை. கழற்றிவிட்டால் புகைப்படத்தில் சிறப்பு விருந்தினர் எவர் என்று தெரியாமல் போய்விடும். ராயப்பராஜ் ஓடத் தொடங்கியபோதே நடுவர் பக்ருதீன் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி நோ பால் காட்டிவிட்டார். பந்து அதற்குப் பிறகுதான் கையை விட்டுப் போனது. அது தாசில்தாரின் மட்டையைத் தேடிச் சென்று பட்டு, சற்றுத் தூரம் உருண்டு, களைத்து நின்றது. பக்கத்தில் நின்றவன் அதைத் தடுக்க ஓடிவந்து, குனிந்து, காலால் எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளினான். அடுத்தவன் வாங்கி இன்னும் கொஞ்சம் தள்ளினான். நான்கு ஓட்டங்கள் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. வேட்டு வெடித்தார்கள்.

“பாஸ்ட் பவுலர்னு சொன்னாங்க. ஒண்ணும் பாஸ்ட்டாத் தெரியலையே” என்றார் தாசில்தார்.

“ஐயா கண்ணுக்கு அப்படித்தாங்கய்யா இருக்கும்” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

ராயப்பராஜுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் மறுபடியும் செயலாளர் பின்னால் போனான்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு தேர்வு முகாம் நடக்க இருந்தது. அங்கே தேறுகிறவர்கள் மாநில அணிக்குப் போவார்கள். மாநில அணியில் ஆடினால் இந்திய அணியின் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு வட்டாரக் கழகமும் ஓர் ஆல்ரவுண்டரின் பெயரைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். கழகம் சொல்லாத பெயரைத் தேர்வாளர்கள் இருக்கட்டும், வாசலில் நிற்கும் காவலாளியே உள்ளே விடமாட்டார். ராயப்பராஜுக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வயதுக்கு மேல் ஒரு வேகப்பந்து வீச்சாளரை யாரும் தேடி வருவதில்லை. அடுத்த முகாம் வரும்போது அவனுக்கு இடுப்புவலி வந்திருக்கும்.

“ஞாயித்துக்கெழம கழகத்துக்கு வெள்ளி விழா. மேடையில வச்சு, தலைவர் ஐயா முன்னால பேரு அறிவிப்போம். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க” என்றார் முத்துக்கிருஷ்ணன். “சனிக்கெழம சேவுகம்பட்டி. மறந்துறாதீங்க.”

ராயப்பராஜின் வாழ்க்கை இப்படித் தொடங்கவில்லை. தொண்ணூற்றெட்டில் வெளிநாட்டில் நடந்த ஒரு முத்தரப்புத் தொடரில் அவன் முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் நடுவரிசையை உடைத்தான். பிறகு கடைசி ஆட்டக்காரனைக் கூட வைத்துக்கொண்டு மட்டை பிடித்து ஜெயிக்கவும் வைத்தான். ஊர் திரும்பியபோது பேருந்து நிலையத்திலிருந்து திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். நிலக்கோட்டையில் அன்று ரோஜாப்பூ கிடைக்காமல் இரண்டு கல்யாணங்களில் சம்பங்கி மாலை மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஜீப் நேராகக் கழகத்தின் போட்டி நடக்கும் மைதானத்துக்குப் போய் நின்றது. போட்டியைத் தலைவர் தொடங்கி வைக்க வேண்டும். துவக்கப் பந்தை ராயப்பராஜ் போட வேண்டும்.

தலைவர் சிவப்பிரகாசம் எண்ணெய் ஆலை முதலாளி. கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். அந்தப் பதவிக்கு முறையாகத் தேர்தல் உண்டு. தேர்தலில் வாக்களிப்பவர்களைத் தலைவர் நியமிப்பார்.

அன்று ராயப்பராஜுக்கு ஒன்றும் தெரியாது. பந்தைக் கொடுத்தார்கள், போட்டான். தூரத்திலிருந்து ஓடிவந்து, வெளிநாட்டில் எப்படிப் போட்டானோ அப்படியே போட்டான். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்து பந்தலுக்குப் பின்னால் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் பாட்டை நிறுத்தினார். சாம்பார் கொதிப்பது மட்டும் கேட்டது.

தலைவர் திரும்பிப் பார்த்தார். “இது எப்படி விழுந்துச்சு?”

“காத்துங்கய்யா” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

தலைவர் நடுவரைப் பார்த்தார். பக்ருதீன் மைதான வாசலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். வேறு ஆள் கிடைக்காததால் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். அவர் சட்டங்களைப் படித்திருந்தார். செத்த நேரம் யோசித்தார். பிறகு கையை நீட்டி நோ பால் காட்டினார். நோ பாலில் ஸ்டம்ப் பறந்தாலும் ஆட்டமிழப்பு கிடையாது. தலைவர் நிம்மதியாக மூச்சு விட்டு, அடுத்த பந்தை அடித்துவிட்டு மேடையேறினார். ஆனால் அந்தச் செத்த நேரத்துக்காக, பக்ருதீனின் கடை கழகத்தின் இடத்தில் இருப்பது திடீரென்று எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒரு வாரம் அடுப்புப் பற்றவைக்க விடவில்லை. அதிலிருந்து பக்ருதீன் எந்த விருந்தினருக்கும் பந்து வருமுன்பே கையை நீட்டிவிடுவார். பிறகு யோசிப்பதைவிட முன்பே நீட்டிவிடுவது வயிற்றுக்கு நல்லது என்பது அவர் கண்ட உண்மை.

ராயப்பராஜை முத்துக்கிருஷ்ணன் தனியே அழைத்துப் போய்ப் பக்குவமாகச் சொன்னார். “தம்பி, நீங்க இந்தியாவுக்கு ஆடுறவரு. இல்லேங்கல. ஆனா நாளைக்கு ஒரு முகாம்னா உங்க பேர இந்தியா வந்தா சொல்லும்? நாங்கல்ல சொல்லணும். ஐயா இன்னைக்கு வரைக்கும் அவுட்டானதில்ல. அவுட்டாகவும் மாட்டாரு.”

அந்த ஆண்டு மாவட்டத்தில் போட்டிகள் காளான் போல முளைத்தன. எல்லாப் போட்டிக்கும் துவக்க விழா இருந்தது. சில போட்டிகளுக்குத் துவக்க விழா மட்டுமே இருந்தது. நெய்க்காரப்பட்டியில் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இதுல எந்தப் பக்கமுங்க அடிக்கோணும்?” என்று கேட்டார். அவரும் நான்கு ஓட்டங்கள் எடுத்தார்.

நிறைவு விழாவில் ஒரு சிக்கல் வந்தது. அங்கே விருந்தினர் பந்து போட ஆசைப்பட்டார்கள். அப்போது யாராவது மட்டை பிடித்து ஆட்டமிழக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒருவரை அழைத்தால் அவருக்குத் தனிச் சால்வை. முத்துக்கிருஷ்ணன் ராயப்பராஜை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஆல்ரவுண்டர்னா என்னன்னு எனக்கு இப்பத்தான் தம்பி வெளங்குச்சு. ஒரே ஆளு ரெண்டு பக்கமும் தோக்கலாம்.”

இரண்டாம் முறை வெளிநாடு போனபோது எதிரணியின் தலைவர் மட்டையோடு வந்து நின்றார். அவர் கழுத்தில் கனமான தங்கச் சங்கிலி வெயிலில் மின்னியது. ராயப்பராஜின் கை அதை மாலை என்று எடுத்துக்கொண்டது. பந்து லெக் பக்கம், மெதுவாக, முட்டிக்கு மேல் எழாமல் போனது. அவர் அதைக் கூட்டத்துக்குள் அடித்தார். அடுத்ததையும் அடித்தார். பிறகு ராயப்பராஜ் மட்டை பிடித்தபோது முதல் பந்தையே வீசியவர் கைக்கு இதமாகத் தூக்கிக் கொடுத்தான். நடுவரைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பந்து வீசியவருக்குக் கைகொடுத்துவிட்டு வெளியேறினான். சால்வை எங்கே என்று அவன் ஒரு கணம் தேடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் தண்ணீர் தேடுகிறான் என்று நினைத்தார்கள்.

பயிற்சியாளர் விமானத்திலிருந்து இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார். இதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ராயப்பராஜ் கழகத்தின் பெயரைச் சொன்னான். செய்தி எட்டியதும் மைதான வாசலில் தட்டி வைத்தார்கள்: ‘இந்திய அணியின் பயிற்சியாளரே விசாரித்த கழகம்’.

அதன் பிறகு அவனை யாரும் அழைக்கவில்லை. ஆண்டுதோறும் முகாம்கள் வந்தன. ஆண்டுதோறும் முத்துக்கிருஷ்ணன், “இந்த ஒரு விழா முடியட்டும் தம்பி” என்றார்.

குஜிலியம்பாறைக்கு மறுநாள், வீட்டுக்குப் பின்னாலிருந்த வறண்ட குளத்தில் ராயப்பராஜ் ஸ்டம்புகளை ஊன்றினான். யாருமில்லாத இடத்தில் அவன் கை பழைய கையாகத்தான் இருந்தது. ஓடிவந்து வீசினால் ஸ்டம்ப் தெறிக்கும். எடுத்து ஊன்றுவான். மறுபடியும் தெறிக்கும். அவன் தாய் லூர்தம்மாள் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவள். வீட்டில் சேர்ந்த சால்வைகளில் அவள் ஜன்னல் திரை தைத்தாள், தலையணை உறை தைத்தாள், மழைக்கால ஆட்டுக்குட்டிக்குச் சட்டை தைத்தாள். அன்று மிச்சத்தைத் துவைத்துக் குளத்துக் கருவேலஞ்செடிகளின் மேல் விரித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சால்வைக்கு இடமில்லை. அதை ஸ்டம்புகளின் மேல் போட்டாள்.

ராயப்பராஜ் அதைக் கவனிக்காமல் ஓடிவந்தான். பாதியில் கவனித்தான். பந்து கையிலிருந்து நழுவிப் பணிவாக உருண்டு, சால்வையைத் தொடாமல் ஒதுங்கிப் போனது.

லூர்தம்மாள் பார்த்தாள். சால்வையை எடுத்தாள். “இப்பப் போடு.”

ஸ்டம்ப் தெறித்தது.

அவளே ஊன்றிச் சால்வையைப் போட்டாள். “இப்ப?”

பந்து உருண்டது.

“ஏலே அப்பு, உனக்குக் கையில ஒரு கோளாறும் இல்லடா” என்றாள். பிறகு சால்வையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டம்புக்கு முன்னால் போய் நின்றாள். “நான்தான் நிக்கிறேன். பெத்தவ. எனக்குப் போடு பாப்போம்.”

அவன் நெடுந்தூரம் பின்னால் போனான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தான். பந்து லெக் பக்கம், மெதுவாக, தாயின் முட்டியை நலம் விசாரிப்பதுபோலப் போய் நின்றது. லூர்தம்மாள் குனிந்து அதை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று குழம்பில் உப்பில்லை. இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை சேவுகம்பட்டியில் போட்டியைத் தொடங்கி வைக்க வேண்டியவர் பேரூராட்சித் தலைவி சண்முகவள்ளி. ஆனால் மட்டையோடு வந்தது அவர் கணவர். தேர்தலில் நின்றது மனைவி, மற்றதெல்லாம் தான் என்பது அவர் எண்ணம். கோப்பு, கூட்டம், மாலை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அன்று சண்முகவள்ளி காரிலிருந்து இறங்கி வந்து மட்டையை அவர் கையிலிருந்து வாங்கினார்.

“கையெழுத்து மட்டும் நான் போடணும், மட்டைய நீங்க பிடிப்பீகளோ? தள்ளுங்க.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். மாலையைக் கழற்றி ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவன் கையில் கொடுத்தார். மட்டையைத் தரையில் தட்டிப் பார்த்தார்.

“தம்பி, நீ ஆடுனத டீவில பாத்திருக்கேன். மொதல் மேட்ச்சு. எங்க தெருவே பாத்துச்சு. எனக்கும் அதே மாதிரி போடு. பட்டாப் படட்டும்.”

இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு சிறப்பு விருந்தினர் அவனிடம் பந்து கேட்டார். ராயப்பராஜ் பந்தைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான். ஓடினான். வேகம் கூடிற்று. காற்று காதில் இரைந்தது. இதோ, இதோ என்று நினைத்தான். கோட்டை நெருங்கியபோது கண் தானாகவே அவருடைய முட்டியைத் தேடியது. பந்து மெதுவாக, லெக் பக்கம் போய் விழுந்தது.

சண்முகவள்ளி அதை அடிக்கவில்லை. அது உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை நீட்டியபடி நின்ற பக்ருதீனையும் பார்த்தார்.

“ஏம்ப்பா” என்று தாழ்ந்த குரலில் கேட்டார், “உன்னய என்னப்பா பண்ணி வச்சிருக்காய்ங்க?”

திரும்பி வரும் வேனில் பக்ருதீன்தான் பேசினார். “ஏலே, மனசுல வச்சுக்காத. அந்தம்மாவுக்கு வெவரம் தெரியாது.”

“வெவரம் தெரிஞ்சதுனாலதான் பாய் கேட்டுச்சு.”

“நாளைக்குப் பேரு சொல்லிட்டா நீ பாட்டுக்குச் சென்னைக்குப் போயிருவ. அங்க எவன் மாலையோட நிக்கப் போறான்? கை தானா வந்துரும்.”

“சொல்லுவாய்ங்களா பாய்?”

பக்ருதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வத்தலக்குண்டுச் சாலையில் புளியமரங்கள் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளி விழா. மைதானத்தின் பாதியில் மேடை, மீதியில் பந்தல். ஆடுவதற்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள். லூர்தம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிறப்பு விருந்தினர்களில் ஒருவராகச் சண்முகவள்ளியும் மேடையில் இருந்தார்.

தலைவர் சிவப்பிரகாசம் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நான் வெளையாட்டுக்காரன் கெடையாது. ஆனா வெளையாட்டு என்னய விட மாட்டேங்குது. இந்தக் கழகம் ஆரம்பிச்சப்ப பயலுக வந்து, மைதானம் வேணும்னு கேட்டாய்ங்க. மைதானத்த வச்சு என்னடா பண்ணுவீக, மொதல்ல மேடையக் கட்டுவோம்னு சொன்னேன். மேடை இருந்தா நாலு பெரிய மனுசன் வருவான். மைதானம் இருந்தா ஆடு மாடுதான் வரும். அப்புறம், பந்து வேணும்னாய்ங்க. பந்து ரெண்டு நாள்ல தேஞ்சு போயிரும். சால்வை தேயுமா? அன்னைக்குப் போத்துன சால்வைய இன்னைக்கும் மடிச்சு வச்சிருப்பான். அதான் வளர்ச்சி.”

கைதட்டினார்கள். லூர்தம்மாளும் பழக்கத்தில் ஒரு தரம் தட்டிவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்து முத்துக்கிருஷ்ணன் எழுந்தார். மேடைக்கென்று வைத்திருந்த தமிழில் பேசினார்.

“சென்னை முகாமுக்கு நமது கழகத்தின் சிறந்த ஆல்ரவுண்டர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே ஆட்டத்தை மட்டுமே பார்த்தோம். மட்டையடியில், கழகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட ஆட்டமிழக்காத ஒருவர் நம்மிடம் இருக்கிறார். அவருடைய சராசரியைக் கண்டுபிடிக்கக் கணிதப் பேராசிரியர் ஒருவரை அணுகினோம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது, அது எண்ணுக்கே எட்டாதது என்று அவர் கைவிரித்துவிட்டார். பந்து வீச்சுக்கு வருவோம். ஒவ்வொரு நிறைவு விழாவிலும் அவர் வீசியது ஒரே பந்து. அந்த ஒரே பந்தில் ஒரு விக்கெட். அதுவும் யாருடைய விக்கெட்? சர்வதேச ஆட்டக்காரர் ஒருவருடைய விக்கெட்.”

கூட்டம் ராயப்பராஜைத் திரும்பிப் பார்த்தது. அவன் மேடையோரம் பந்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“ஆகவே கழகம் ஒருமனதாக நமது தலைவர் ஐயா அவர்களின் பெயரை முன்மொழிகிறது.”

வேட்டுக்காரர் உடனே பற்றவைத்துவிட்டார். புகை அடங்குவதற்குள் ராயப்பராஜ் மேடைப் படியில் முத்துக்கிருஷ்ணனின் கையைப் பிடித்தான்.

“சார், அந்த விக்கெட்டெல்லாம் நான்தான சார் குடுத்தேன்.”

“யாரு இல்லேன்னா? நீங்க குடுத்தீங்க. அவரு வாங்கிக்கிட்டாரு. குடுத்தத வாங்குறது குத்தமா?”

“ஐயாவுக்கு அறுபது தாண்டிருச்சு சார்.”

“அவங்க வயசு கேக்கல தம்பி. ஆல்ரவுண்டர் பேரு கேட்டாங்க.”

“சார், எனக்கு இதுதான் சார் கடைசி.”

“உங்கள விட்டுருவமா? ஐயா, தம்பி கண் கலங்குறாப்ல.”

தலைவர் கேட்டுவிட்டார். அவர் இரக்கமற்றவர் அல்ல. ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கினார். “தம்பியும் என்கூட முகாமுக்கு வரும். அங்க நம்ம ஊரு மாதிரி யாரும் பதனமாப் போட மாட்டாய்ங்களாம். எனக்குப் பந்து போட தம்பி வேணும்.” கூட்டம் சிரித்தது. சிரிப்பு அவருக்குப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. “ஆனா சும்மா ஒண்ணும் பேர வாங்கிக்க மாட்டேன். ஆட்டம்னா ஆட்டம். இன்னைக்கும் துவக்கப் பந்து இருக்கு. என்னய எவனாச்சும் அவுட்டாக்கிட்டா, ஐயா, அவன் பேரையே அனுப்புறேன். இத்தன பேரு சாட்சி.”

முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூவர். ஒருவர் மேடையில் இருந்தார். ஒருத்தி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மூன்றாமவர் வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் ஆடுகளத்துக்கு இறங்கினார். வெள்ளி விழா என்பதால் வெள்ளி முலாம் பூசிய ஹெல்மெட் செய்து வைத்திருந்தார்கள். அதையும் மூன்று மாலைகளையும் அணிந்துகொண்டு அவர் நின்றபோது வடம் பிடிக்கக் காத்திருக்கும் சிறு தேர் போல இருந்தது. மேடையைக் கடந்துபோன ராயப்பராஜைப் பார்த்துச் சண்முகவள்ளி, உதடு மட்டும் அசையச் சொன்னார்: “இன்னைக்காச்சும் போடுப்பா.”

அவன் ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் போனான். அந்தச் சந்து பத்தவில்லை. வேலியோரம் வரை, பக்ருதீன் கடையின் புதுத் தகரக் கூரைக்குக் கீழ் வரை பின்னால் போய் நின்று திரும்பினான். அங்கிருந்து பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

தலைவர் ஸ்டம்புக்கு முன்னால் நிற்கவில்லை. பந்துக்குப் பயந்து, எப்போதும் போல, லெக் பக்கம் இரண்டு முழம் ஒதுங்கி நின்றார். எல்லா ஆண்டும் அங்கேதான் நின்றிருப்பார். அந்த முதல் பந்துக்குப் பிறகு எல்லா ஆண்டும் ராயப்பராஜ் பந்தை அங்கே தேடிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவர் முட்டியையே பார்த்திருந்ததால் ஸ்டம்புகளை அவன் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தான். மூன்றும் தனியாக நின்றன. அவற்றின் மேல் மாலையில்லை, சால்வையில்லை. முன்னால் ஒருவரும் இல்லை. வறண்ட குளத்தில் நிற்பது போலவே நின்றன.

அவன் விரல்கள் பந்தின் தையலைத் தேடிப் பிடித்தன. அந்தப் பிடியைக் கை மறந்திருக்கவில்லை. முழங்கை இளகியது. தோளில் ஏதோ ஒன்று, பல ஆண்டுகளாகக் குனிந்திருந்தது, நிமிர்ந்தது. முடியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை.

ஓட முதல் அடி எடுத்து வைத்தான். எடுத்து வைத்ததும் நின்றான்.

எதிரே பக்ருதீனின் வலது கை, பழக்கத்தில், உடம்பிலிருந்து மெல்லப் பிரியத் தொடங்கியிருந்தது.

ராயப்பராஜ் பந்தோடு நடந்து போனான். கூட்டம் என்னவென்று பார்த்தது. பாட்டை நிறுத்தலாமா என்று ஒலிபெருக்கிக்காரர் யோசித்தார். “என்ன தம்பி, சீக்கிரம் போடுங்க, ஹெல்மெட்டு சுடுது” என்றார் தலைவர். முத்துக்கிருஷ்ணன் மேடையிலிருந்து எழுந்து நின்றார்.

பக்ருதீன் திரும்பினார், ஆனால் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக, வேலியோரம், தகரக் கூரைக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்த பாலைப் பார்த்தார். கை பாதி உயரத்தில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ராயப்பராஜ் அவர் காதோரம் குனிந்தான்.

“பாய், இந்த ஒரு பந்துக்கு மட்டும் அந்தக் கைய கோட்டுப் பைக்குள்ளயே வச்சுக்கங்க பாய்.”